கரோல் ஆன் டஃபியின் மனைவிமார்: எங்கிருந்து தொடங்குவது, எப்படிப் படிப்பது

கேள்வி இது: காதலையும் துரோகத்தையும் அழுது வடியாமல், கசப்பும் சிரிப்பும் கலந்து எழுதும் இன்றைய ஆங்கிலக் கவிஞர் ஒருவரைப் படிக்க வேண்டும். கரோல் ஆன் டஃபியின் பெயரைப் பலரும் சொல்கிறார்கள். கிரேக்கக் கதையும் பைபிளும் அவ்வளவாகத் தெரியாதவருக்கு அவருடைய கவிதைகள் புரியுமா? எதிலிருந்து தொடங்குவது?

புரியும். ‘மிஸஸ் மைடாஸ்’ கவிதையிலிருந்து தொடங்குங்கள். தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் என்று வரம் கேட்ட ராஜாவின் கதை நம் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கே தெரியும். அது ஒன்று தெரிந்தால் போதும், டஃபியின் வேலைப்பாடு முழுவதையும் அந்த ஒரே கவிதையில் பார்த்துவிடலாம்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1955இல் கிளாஸ்கோவில் பிறந்தவர், சிறு வயதிலேயே குடும்பத்தோடு இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டுக்குப் போனவர், லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். 2009 முதல் 2019 வரை பிரிட்டனின் அரசவைக் கவிஞர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். நீங்கள் கேட்கிற வகைக் கவிதைகள் பெரும்பாலும் இரண்டு தொகுப்புகளில் இருக்கின்றன: 1993இல் வந்த ‘மீன் டைம்’, 1999இல் வந்த ‘த வேர்ல்ட்ஸ் வைஃப்’. இரண்டாவதைத்தான் முதலில் வாங்க வேண்டும். மெல்லிய புத்தகம், மொத்தம் 30 கவிதைகள். புராணத்திலும் பைபிளிலும் வரலாற்றிலும் பெயர் பெற்ற ஆண்களுக்குப் பக்கத்தில் நின்ற, அல்லது நிற்கவே விடப்படாத பெண்கள் பேசுகிறார்கள்.

அந்தத் தலைப்பிலேயே ஒரு சாவி இருக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஊரே திரண்டு வந்தது’ என்பதற்கு ‘உலகமும் அவன் பெண்டாட்டியும் வந்தார்கள்’ என்று ஒரு வழக்கு உண்டு. அதில் உலகம் ஆண். பெண்டாட்டி கூட வந்த இணைப்பு. டஃபி அந்த வழக்கிலிருந்து உலகத்தை ஓரமாக நகர்த்திவிட்டுப் பெண்டாட்டியை மட்டும் பேசச் சொல்கிறார்.

வடிவம் தமிழ் வாசகருக்குப் புதிதே இல்லை. கவிஞர் தன் குரலில் பேசாமல் இன்னொருவராக நின்று பேசுவதை நாம் கூற்று என்கிறோம். குறுந்தொகையின் எட்டாம் பாட்டில், ஆலங்குடி வங்கனார் பரத்தையைப் பேசவிடுகிறார். எங்கள் இடத்தில் பெரிய பேச்சுப் பேசுகிறவன், வீட்டுக்குப் போனால் நாம் கையைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை மாதிரி மகனின் தாய்க்கு ஆடுகிறான் என்கிறாள் அவள். சிரிப்பு, கடுப்பு, அடியில் ஒரு வலி என்று மூன்றும் அந்தச் சிறிய பாட்டுக்குள் இருக்கின்றன. மருதத் திணையின் ஊடல் பாட்டுகளில் பழகிய காதுக்கு டஃபி சீக்கிரம் பிடிபடுவார்.

இனி ‘மிஸஸ் மைடாஸ்’. 6 வரிப் பத்திகள் 11. படிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய கதைச் செய்தி இரண்டுதான். மைடாஸ் தொட்டதும் மகள் பொற்சிலையான கதையை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அந்த மகள் பழைய கதையில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்ன் சேர்த்தது. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன கதையில் மைடாஸ் வரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சி, பக்டோலஸ் ஆற்றில் குளித்துத் தப்பிவிடுகிறான். பிறகு பான் என்ற காட்டுத் தெய்வத்தின் இசைதான் உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லிக் கழுதைக் காது வாங்கிக்கொள்கிறான். இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டஃபியின் கவிதை அடுப்படியில் தொடங்குகிறது. செப்டம்பர் கடைசி. காய் வெந்துகொண்டிருக்கிறது. அவள் ஒரு கோப்பை ஒயின் ஊற்றிக்கொண்டு அப்போதுதான் அப்பாடா என்று உட்கார்கிறாள். ஆவி படிந்த ஜன்னலைத் துடைத்துப் பார்த்தால் தோட்டத்தில் புருஷன் பேரிமரத்தடியில் நிற்கிறான். பறித்த காய் அவன் உள்ளங்கையில் பல்பு மாதிரி இருக்கிறது என்கிறாள். அடுத்து ஒரே சொல்லில் ஒரு வாக்கியம்: எரிகிற பல்பு என்று. மரத்துக்குச் சீரியல் லைட் போடுகிறானோ என்று அவளுக்குச் சந்தேகம். வரம், தெய்வம் எதுவும் அவள் மனதில் வரவில்லை. வீட்டில் இருப்பவளுக்கு முதலில் தோன்றக்கூடியது எதுவோ அதுதான் தோன்றுகிறது.

சிரிப்பு பிறக்கிற இடம் இதுதான். பெரிய அதிசயம் ஒன்று நடக்கிறது, அதைப் பார்க்கிற கண் வீட்டுக் கணக்குப் போடுகிற கண். அவள் என்னென்ன செய்கிறாள் என்று வரிசையாகக் கவனியுங்கள். அவனை அறையின் மறுகோடியில் உட்காரவைத்துக் கையைச் சும்மா வைத்திரு என்கிறாள். பூனையை நிலவறையில் அடைக்கிறாள். டெலிபோனை எடுத்து அப்பால் வைக்கிறாள். கழிப்பறை பொன்னானால் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. அவன் சிகரெட் பற்றவைக்கப் பார்த்து அதுவும் பொன்னாகும்போது, இனியாவது புகைப்பதை ஒரேயடியாக விட்டுவிடலாம் என்கிறாள். வாய்விட்டுச் சிரிக்காமல் இந்தப் பகுதியைத் தாண்ட முடியாது.

ஒரு சொல்லில் மட்டும் நின்று போங்கள். ஆசை எல்லாருக்கும் உண்டு என்று சொல்லிவிட்டு அவள் ‘கிரான்டட்’ என்கிறாள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ‘சரி, ஒத்துக்கொள்கிறேன்’ என்று ஒரு பொருள். ‘கேட்டது அருளப்பட்டது’ என்று இன்னொரு பொருள். முதல் பொருளில் அதைச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் இரண்டாவது பொருளுக்குத் தாவி, யாருக்கு அருளப்படுகிறது, இவனுக்குத்தான் என்று முடிக்கிறாள். வேகமாகப் படித்தால் இந்தத் திருப்பம் கண்ணில் படாது. டஃபியிடம் நகைச்சுவை பெரும்பாலும் இப்படி ஒற்றைச் சொல்லின் மூட்டில்தான் இருக்கும். அதனால் அகராதியில் தெரிந்த சொல்லையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் இவரிடம் நம்மை ஏமாற்றும்.

பிறகு சிரிப்பு மெல்ல வடிகிறது. தனித்தனிப் படுக்கை. அவள் அறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துப் படுக்கிறாள். ஒரு காலத்தில் எவ்வளவு ஆசையாக இருந்தோம், பரிசுப்பொட்டலத்தைப் பிரிப்பது மாதிரி ஒருவரை ஒருவர் பிரித்தோம் என்று நினைக்கிறாள். இன்று அவன் முத்தமிட்டால் அவள் உதடு கலைப்பொருளாகிவிடும். தங்க மனசு உள்ளவனோடு யாரால் வாழ முடியும் என்று கேட்கிறாள். இந்த இடம் தமிழில் ஆங்கிலத்தைவிடக் கூர்மையாக விழும். ‘தங்கமான மனுஷன்’ என்று நாம் தினமும் சொல்கிறவர்கள். அன்றிரவு கனவில் அவனுக்குக் குழந்தை பெறுகிறாள். அதன் கைகால் உலோகம், கண்மணி, அம்பர் என்ற இறுகிய மரப்பிசினுக்குள் சிக்கிய ஈ. ஹாதார்ன் கதையில் பொன்னான மகள் இங்கே பிறக்காத குழந்தையாக வருகிறாள். கனவில் சுரக்கும் பால் மார்பைச் சுடுகிறது. இந்த வரியில் யாரும் சிரிப்பதில்லை.

அவனை இரவோடு இரவாகக் காட்டோரத்து வண்டிவீட்டில் கொண்டுபோய் விடுகிறாள். ஓவிட்டின் மைடாஸுக்கு ஆறு கிடைத்தது, இவனுக்குக் கிடைப்பதில்லை. கடைசியாகப் பார்க்கப் போகும்போது இளைத்துப்போய், பானின் இசை கேட்கிறது என்று பிதற்றுகிறான். கழுதைக் காதுக் கதை தெரிந்தவருக்கு அந்த இடத்தில் ஒரு கூடுதல் குத்து விழும். தெரியாவிட்டாலும் அவன் புத்தி பேதலித்தது புரியும். இப்போது அவள் குற்றச்சாட்டை வைக்கிறாள். அவனுடைய முட்டாள்தனம் இல்லை, பேராசையும் இல்லை. வரம் கேட்கும்போது என்னை அவன் நினைக்கவே இல்லையே என்பதுதான். டஃபியிடம் துரோகம் என்பது பெரும்பாலும் இந்த வடிவில்தான் வரும். இன்னொருத்தியைத் தேடிப்போவது அதில் ஒரு கிளை மட்டுமே. கூட இருப்பவளைக் கணக்கிலேயே எடுக்காமல் ஒரு முடிவு எடுப்பதுதான் வேர். கவிதை முடிவதோ கோபத்தில் இல்லை; அவன் கைகள், தோலில் பட்ட அந்தச் சூடு, அவன் தொடுகை இல்லாத ஏக்கத்தில். தொட்டால் சாவு என்பதால் விட்டுவந்தவள் கடைசிச் சொல்லாகத் தொடுகையைச் சொல்கிறாள்.

இவரைப் படிக்கும் முறையை ஒரே வரியில் கேட்டால் இப்படித்தான் சொல்ல முடியும்: ஒவ்வொரு கவிதையிலும் சிரிப்பு எந்த வரியில் நின்றுபோகிறது என்று பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பது உங்களை உள்ளே அழைத்துவந்த வழி. கீழே இருப்பதற்காகத்தான் கவிதை எழுதப்பட்டது. கோடு எங்கே விழுகிறது என்பதை வைத்தே நல்ல கவிதையையும் வெறும் விளையாட்டையும் பிரித்துவிடலாம்.

அடுத்துப் படிக்க வேண்டியது ‘மெடூசா’. பாம்புக் கூந்தல்காரி, அவளைப் பார்த்தவர் கல்லாவார், பெர்சியஸ் என்ற வீரன் கேடயத்தில் அவள் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே தலையை வெட்டினான். இவ்வளவு தெரிந்தால் போதும். டஃபியிடம் கூந்தல் பாம்பானது சாபத்தால் இல்லை. ஒரு சந்தேகம், ஒரு ஐயம், ஒரு பொறாமை என்று மனதில் வளர்ந்தது கூந்தலுக்கு ஏறுகிறது. கணவன் துரோகம் செய்தானா என்பதற்குக் கவிதையின் தொடக்கத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. செய்வான் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். கல்லாகும் பொருள்களின் அளவைப் பாருங்கள்: தேனீ கூழாங்கல்லாகிறது, பறவை சரளையாகிறது, பூனை செங்கல்லாகிறது, பன்றி பாறையாகிறது, கடைசியில் டிராகன் எரிமலையாகிறது. ஒரு சந்தேகம் எப்படிப் பெருகும் என்று தனியாக விளக்காமல், பொருள்களை அடுக்கியே காட்டிவிடுகிறார். பிறகு அவன் வருகிறான். இதயமாகக் கேடயம், நாக்காக வாள். நான் அழகாக இருக்கவில்லையா, இளமையாக இருக்கவில்லையா என்று கேட்டுவிட்டு, இப்போது என்னைப் பார் என்கிறாள். அந்தக் கடைசி வரி கெஞ்சலா மிரட்டலா? பார்த்தால் அவன் கல். பார்க்காவிட்டால் அவளுக்கு ஒருவரும் இல்லை. இரண்டும் ஒரே வரியில் நிற்பதால்தான் அது அவ்வளவு கனக்கிறது.

கல்லை வைத்தே இன்னொரு கவிதை ‘பிக்மேலியன்ஸ் பிரைட்’. தான் செதுக்கிய சிலையையே காதலித்து, அதற்கு உயிர் வரவேண்டும் என்று வேண்டிய சிற்பியின் கதை. டஃபியின் சிலைக்கு உயிர் ஏற்கெனவே இருக்கிறது. அவன் தொடாமல் போகட்டும் என்று அசையாமல் கிடக்கிறாள். அவன் பரிசு கொண்டுவருகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான், அழுத்திப் பிடித்துத் தடயம் விழுகிறதா என்று பார்க்கிறான். இவள் உத்தியை மாற்றி அவன் ஆசைப்பட்டபடியே உயிரும் உணர்ச்சியுமாக அவன் மேல் பாய்கிறாள், அவனுக்குக் குழந்தை வேண்டும் என்கிறாள். அத்தனையும் நடிப்பு. அதோடு ஆளைக் காணோம், அவ்வளவு எளிது என்று முடிகிறது. கடைசி வரியில் எல்லாரும் சிரிக்கிறோம். இதில் சிரிப்பு முடிவில் வருகிறது. வலி முதல் பாதியிலேயே வந்துபோய்விட்டது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் முதல் பாதி என்ன விவரிக்கிறது என்று உறைக்கும். அதனால் இதை ஒருமுறை படித்துவிட்டு மூடிவைக்கக் கூடாது.

‘யூரிடிசி’ நீளமானது, ஆனால் புத்தகத்திலேயே அதிகம் சிரிக்கவைப்பது. ஆர்ஃபியஸ் இறந்த மனைவியை மீட்கப் பாதாளத்துக்கு வருகிறான், மேலே போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை, பார்த்துவிடுகிறான், இழந்துவிடுகிறான். உலக இலக்கியத்தின் பெரும் காதல் சோகம் இது. டஃபி கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: அவளுக்கு வர விருப்பமா? அவள் அங்கே நிம்மதியாக இருக்கிறாள். அவனோ அவளைச் சுற்றிச் சுற்றிக் கவிதை எழுதியவன். அவன் கவிதையில் வெறுமையான பண்புப் பெயர்கள் அதிகம் என்று ஒருமுறை சொன்னதற்கு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன். மேலே ஏறும் வழியெல்லாம் அவனைத் திரும்ப வைக்க அவள் என்னென்னவோ செய்துபார்க்கிறாள், பலிக்கவில்லை. கடைசியில், உங்கள் கவிதை அற்புதம், இன்னொரு தரம் கேட்க வேண்டும்போல் இருக்கிறது என்கிறாள். அடக்கமாகப் புன்னகைத்தபடி திரும்புகிறான். கவிதை எழுதுகிற எவரும் இந்த இடத்தை மறக்க மாட்டார்கள்.

‘மிஸஸ் ஈசாப்’ தனியாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் தமிழ் வாசகர் இதில்தான் அதிகம் தடுக்கி விழுவார். ஆமையும் முயலும், புளித்த திராட்சை என்று ஈசாப்பின் கதைகள் நமக்குப் பழக்கம். கவிதையில் வருவன கதைகள் மட்டுமில்லை. கையிலிருக்கும் ஒரு பறவை புதரிலிருக்கும் இரண்டுக்குச் சமம், ஒற்றைத் தகைவிலான் கோடையைக் கொண்டுவராது என்பது போன்ற ஆங்கிலப் பழமொழிகள் பத்துக்கும் மேல், ஒன்றோடொன்று மோதவிட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. எதற்கெடுத்தாலும் நீதி சொல்கிற மனிதனோடு குடும்பம் நடத்துவதன் சலிப்பு அந்த அடுக்கிலேயே தெரிகிறது. எனவே படிப்பதற்கு முன் அந்தப் பழமொழிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் பாதி நகைச்சுவை காற்றில் போகும். முடிவில் கூவாத சேவலைப் பற்றி அவள் சொல்கிற கதையில், அந்தச் சேவலுக்கான ஆங்கிலச் சொல் ஆண்குறியையும் குறிக்கும். உன் வாலை வெட்டுவேன் என்றும் சொல்கிறாள்; ‘வால்’ என்பதற்கும் ‘கதை’ என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி.  தெரியாமல் படித்தால் முடிவே புரியாது.

எல்லாக் கவிதையும் ஒரே தரம் இல்லை. ‘ஃப்ராவ் ஃப்ராய்ட்’, அதாவது உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டின் மனைவி பேசுவது, ஆண்குறிக்கு ஆங்கிலத்தில் உள்ள செல்லப்பெயர்களின் பட்டியல்; முதல் தடவை சிரிப்பு வரும், மறுமுறை திறக்க ஒன்றும் இருக்காது. ‘மிஸஸ் டார்வின்’ நாலே வரி நாட்குறிப்பு. மிருகக்காட்சிசாலைக்குப் போனோம், அந்தச் சிம்பன்சியைப் பார்த்தால் உங்கள் ஞாபகம் வருகிறது என்று அவரிடம் சொன்னேன் என்பதுதான் விஷயம். அதன் தேதியைக் கவனித்தால் இன்னும் இனிக்கும்: 7 ஏப்ரல் 1852. டார்வினின் பரிணாமநூல் வந்தது 1859இல். யோசனை யாருடையது என்று ஒரு தேதியே சொல்லிவிடுகிறது.

‘மிஸஸ் சிசிபஸ்’ கவிதையை மனதுக்குள் படிக்கவே கூடாது. ஓயாமல் மலைமேல் பாறை உருட்டுகிறவனின் மனைவி பேசுகிறாள். வரிமுடிவுகள் ஏறக்குறைய எல்லாம் ‘க்’ என்ற ஒலியில் வந்து முட்டுகின்றன. வேலை என்பதற்கான ‘வொர்க்’ என்ற சொல்லைச் சுற்றியே அத்தனை ஒலியும் சுழல்கிறது. உரக்க வாசித்தால் பாறை ஒவ்வொரு அடியாக ஏறுவது காதில் கேட்கும். டஃபியின் இயைபு பொதுவாக வரிமுடிவில் ஒழுங்காக உட்காராது. வரிக்கு நடுவில், இரண்டு வரி தள்ளி, எதிர்பாராத இடத்தில் வரும். கண்ணால் படிக்கிறவருக்கு அது உரைநடை மாதிரித் தோன்றுவது அதனால்தான். மூன்று முறை படிக்க நேரம் இருந்தால் இரண்டாவது முறையை உரக்க வையுங்கள். குரலை ஏற்றி நடிக்க வேண்டாம். மளிகைக் கணக்கு வாசிக்கிற தொனியில் வாசியுங்கள். டஃபியே தன் கவிதைகளை மேடையில் சிரிப்பைக் காட்டாமல், தட்டையான குரலில்தான் வாசிப்பார். அவர் வாசிக்கும் ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒன்றையாவது கேட்டுவிட்டால் தொனி பிடிபடும்.

இவரை ஆண்களைத் திட்டுகிற கவிஞர் என்று ஒரே வரியில் முடிப்பதுதான் படிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு. அந்த எண்ணம் இருந்தால் ‘தெலீலாள்’ கவிதையைப் படியுங்கள். பைபிளில் சிம்சோனின் கூந்தலை மழிக்கவைத்துக் காட்டிக்கொடுத்தவள் அவள். துரோகத்துக்கே பெயர்போன பெண். டஃபியின் கவிதையில், எனக்கு மென்மையாக இருக்கத் தெரியவில்லை, அன்புகாட்டச் சொல்லிக்கொடு என்று அவன்தான் கேட்கிறான். அவன் தூங்கும்போது அவள் கத்தரியை எடுக்கிறாள். அது காட்டிக்கொடுத்தலா, கேட்டதைக் கொடுத்தலா? ‘மிஸஸ் லாசரஸ்’ இன்னும் கடினமானது. இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் மனைவி முறைப்படி அழுது தீர்த்து, துக்கம் ஆறி, ஊர் ஆசிரியரின் தோளில் சாயத் தொடங்கிய நேரத்தில் ஊரார் ஓடிவருகிறார்கள்: உன் புருஷன் உயிரோடு வருகிறான். சவத்துணியோடும் நாற்றத்தோடும் நிற்கிறான். இங்கே துரோகி யார் என்று ஒருவரையும் காட்ட முடியாது. இதில் சிரிப்புக் கோடு போட இடமே இருக்காது. இது புத்தகத்தின் சிறந்த கவிதைகளில் ஒன்று, ஆனால் முதல் நாளிலேயே படிக்க வேண்டாம்.

அடுத்த தவறு, பேசுகிறவள் டஃபிதான் என்று எடுத்துக்கொள்வது. சிவப்புத் தொப்பிச் சிறுமியும் ஓநாயும் வரும் பழைய கதையை வைத்து எழுதிய ‘லிட்டில் ரெட்-கேப்’, புத்தகத்தின் முதல் கவிதை. அதில்தான் அவர் வாழ்க்கையின் நிழல் மிக வெளிப்படையாக இருக்கிறது. 16 வயதுப் பெண் ஓநாயின் குகைக்குத் தானே விரும்பிப் போகிறாள். ஓநாய் ஒரு கவிஞன். பத்து வருஷம் கழித்துக் கோடரியை எடுக்கிறாள். டஃபி 16 வயதில் தன்னைவிட மிக மூத்த லிவர்பூல் கவிஞர் ஏட்ரியன் ஹென்றியோடு பழகத் தொடங்கினார் என்பது எல்லாரும் அறிந்ததுதான். மற்றக் கவிதைகளில் அந்தச் சாவியைப் போட்டுத் திருகினால் பூட்டுத்தான் கெடும்.

‘மீன் டைம்’ தொகுப்பிலிருந்து இரண்டு கவிதைகளை இடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘வாலன்டைன்’ காதலர்க்கு ரோஜாவுக்குப் பதில் வெங்காயம் தருகிறது. பழுப்புத்தாளில் சுற்றிய நிலா என்று ஆரம்பித்து, கண்ணீர், முத்தத்தில் தங்கும் காரம், சுருங்கிச் சுருங்கிக் கல்யாண மோதிரமாகும் வளையம் என்று உரித்துக்கொண்டே போய், கத்தியில் ஒட்டிய வாசனையில் முடிகிறது. கடைசிச் சொல் கத்தி. இன்னொன்று ‘ஹாவிஷாம்’. டிக்கன்ஸின் நாவலில் கல்யாணத்தன்று காலையில் கைவிடப்பட்டு, கடிகாரங்களை நிறுத்தி, மணப்பெண் உடையை மாற்றாமலே கிழவியானவள். நாவலில் அவள் மிஸ் ஹாவிஷாம். டஃபி தலைப்பில் அந்த ‘மிஸ்’ஸை எடுத்துவிட்டார். 4 வரிப் பத்திகள் 4. இதில் இருட்டு அதிகம், சிரிப்பு பல்லைக் கடித்துக்கொண்டு வருவது. தேனிலவுக்கு ஓர் ஆண் பிணம் வேண்டும் என்கிறாள். கடைசியில் உடைகிறது என்ற சொல்லே அவள் வாயில் திக்கி உடைகிறது. இதை ‘மெடூசா’வுக்கு அடுத்த நாள் படித்தால் சரியாக இருக்கும்.

ஒரு நாளைக்கு இரண்டு கவிதைக்கு மேல் வேண்டாம். முப்பதையும் ஒரே மூச்சில் படித்தால் உத்தி கண்ணுக்குத் தெரிந்து, எல்லாம் ஒரே குரலாகக் கேட்கும். குமரியும் கிழவியும் கொலைகாரியும் ஒரே ஆள் மாதிரி ஆகிவிடுவார்கள். கசப்பு ஏறிவிட்டது என்று தோன்றினால் ‘ஆன் ஹாதவே’யை எடுங்கள். ஷேக்ஸ்பியர் 1616ஆம் ஆண்டு உயிலில் மனைவிக்குத் தன் இரண்டாம் தரக் கட்டிலை எழுதிவைத்தார். அது அவமானம் என்று பலர் பேசியிருக்கிறார்கள். 14 வரியில் அந்த மனைவி சொல்கிறாள்: முதல் தரக் கட்டில் விருந்தாளிகளுக்கு; எங்களுக்குள் நடந்ததெல்லாம் அந்த இரண்டாவதில்தான். துரோகமாகத் தெரிந்ததைக் காதலாகத் திருப்பிவைக்கிற ஒரே கவிதை இது. மற்றவற்றின் கசப்பையும் இதுதான் நம்பவைக்கிறது.

தமிழில் மொழிபெயர்த்துப் பார்க்க ஆசை வரும். வரட்டும், நெருங்கிப் படிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. மூன்று இடங்களில் கை நடுங்கும். முதலாவது தலைப்பு. ‘திருமதி மைடாஸ்’ என்றால் அழைப்பிதழ். ‘மைடாஸின் மனைவி’ என்றால் பாடப்புத்தகம். பேசுகிறவள் நடுத்தரவர்க்கத்து வீட்டுக்காரி, கோபத்திலும் மரியாதையை விடாதவள். ‘மிஸஸ் மைடாஸ்’ என்றே விடுவதுதான் அவள் குரலுக்குப் பொருந்துகிறது. இரண்டாவது, ‘ஹாவிஷாம்’ தொடங்கும் மூன்று சொல். அன்பே, செல்லமே என்ற பொருளில் இரண்டு சொல், பிறகு அதே மூச்சில் ஒரு வசைச்சொல், நடுவே காற்புள்ளி கிடையாது. அகராதி பார்த்து வசையை நேராகப் பெயர்த்தால் பிறப்பைக் குறிக்கும் கெட்ட வார்த்தைதான் வரும், காதல் காணாமல் போகும். தமிழில் ‘பாவி’ என்ற சொல் இருக்கிறது. திட்டவும் அதுதான், உருகவும் அதுதான். மூன்றாவது வாக்கிய அமைப்பு. தமிழ் வினைச்சொல்லில் முடியும். டஃபி பல இடங்களில் பெயர்ச்சொல்லில் முடிப்பார். தொடுகை, கத்தி என்று அந்தச் சொற்கள்தான் கடைசியாகக் காதில் நிற்க வேண்டும். ‘அவன் தொடுகைக்காக ஏங்குகிறேன்’ என்று எழுதினால் ஏக்கம் முன்னால் வந்து தொடுகையை மறைத்துவிடும். வாக்கியத்தை முறித்து, வினையை முன்பே சொல்லிவிட்டு, பெயரைத் தனியாகக் கடைசியில் நிறுத்துங்கள். வெளியிடுவதானால் பதிப்பகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்; வாழும் கவிஞர், பதிப்புரிமை அவருடையது. நோட்டுப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டு தொகுப்பும் முடிந்த பிறகு 2005இல் வந்த ‘ராப்ச்சர்’ இருக்கிறது. டி. எஸ். எலியட் பரிசு பெற்றது. ஒரு காதல் தொடங்குவதிலிருந்து முடிவதுவரை, கவிதை கவிதையாக. அதில் மனைவிமார் இல்லை, புராணக் குரல் இல்லை, நகைச்சுவையும் அநேகமாக இல்லை; சிரிப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தது மட்டும் இருக்கிறது. அதை முதலில் எடுத்தவர்கள் பாதியில் வைத்துவிடுவார்கள். மைடாஸின் மனைவியிடமிருந்து போனவர்கள் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.